மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது? ஸ்கூபா பழகத் தொடங்குபவர்களுக்கு

கல்லூரியில் ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வாரமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்குக்குள் புகுந்த கொஞ்சத் தண்ணீர்தான் காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் பழகப் போகிற தம்பி தங்கைமாருக்காக, எனக்குச் சரிவந்த முறையை எழுதுகிறேன். நீந்தத் தெரியும், மருத்துவப் படிவமும் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், முதுகில் கட்டுவது ‘ஒட்சிசன் சிலிண்டர்’ இல்லை. உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்று, அமுக்கி அடைத்தது. 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 2,200 லீற்றர் காற்று. 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். ரெகுலேற்றர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி), ஜாக்கெட் (மிதப்பைச் சரிசெய்கிற காற்றுச் சட்டை) பூட்டுவதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது காது. 10 மீற்றர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. மூக்கைப் பொத்தி, மூக்கால் ஊதுவதுபோல மெதுவாக ஊதுங்கள், மீற்றருக்கு ஒரு தடவையாவது, வலி வருவதற்கு முன்பே. வலித்தால் கொஞ்சம் மேலே வந்து திரும்பச் செய்யுங்கள். தடிமன் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

சரி, மாஸ்க். கீரிமலைக் கேணியில் மூக்கைப் பொத்தி, மூச்சை அடக்கிக் குதித்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக்கொண்டு 10 மீற்றரிலிருந்து மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் போகிறது. நான் மூச்சை அடக்கினேன், பிறகு பயத்தில் வாயால் ஊதினேன். வாயால் ஊதினால் காற்று ரெகுலேற்றர் வழியே போய்விடும், மாஸ்க்கில் ஒரு துளியும் குறையாது.

அதனால் வீட்டிலேயே தொடங்குங்கள். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை வைத்து, ஸ்நோர்க்கலால் (தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்கிற மூச்சுக் குழாய்) வாய்வழியே மட்டும் மூச்சு விடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மூக்கு நனைந்திருக்கும்போதே ஐந்து நிமிடம் அமைதியாக மூச்சு விட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் நீச்சல் தடாகத்தில், நெஞ்சளவு தண்ணீரில் முழங்காலில் இருந்து, மாஸ்க்கின் கீழ் விளிம்பைச் சற்று இழுத்துக் கொஞ்சத் தண்ணீர் விடுங்கள். வாயால் நிதானமாக மூச்சை இழுங்கள். மேல் விளிம்பை நெற்றியோடு விரலால் அழுத்துங்கள். மூக்கால் ஊதத் தொடங்குங்கள், ஊதிக்கொண்டே தலையை நிமிர்த்துங்கள். இந்த வரிசை மாறக்கூடாது: முதலில் நிமிர்ந்தால் தண்ணீர் நேரே மூக்குக்குள் போகும். காற்று மேலே தங்கி, தண்ணீரைக் கீழ் விளிம்பால் தள்ளிவிடும். எனக்கு இது பிடிபட இருபது தடவைக்கு மேல் ஆனது, ஒவ்வொரு தடவையும் பயிற்றுநர் எதிரே முழங்காலில் பொறுமையாகக் காத்திருந்தார்.

காசு செலவழிப்பதென்றால் மாஸ்க்குக்கு மட்டும் செலவழியுங்கள், மற்றதெல்லாம் வாடகைக்குப் போதும். மென்மையான சிலிக்கோன் விளிம்பு, உள்ளே இடம் குறைவானது நல்லது. முகம் முழுக்க மூடுகிற ஸ்நோர்க்கல் மாஸ்க் ஸ்கூபாவுக்கு உதவாது.

மேலே வருவது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிஞ்சாமல், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று. அவசரப்பட்டால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகும், மூட்டுவலியிலிருந்து கால் வழங்காமல் போவதுவரை கொண்டுபோகும். கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிற எங்கள் ஊர் ஆட்களுக்கும் இதே கணக்குத்தான். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

முதல் கடல் இறக்கத்துக்கு யாழ்ப்பாணக் கடல்நீரேரி வேண்டாம், ஆழமும் இல்லை, கலங்கலும் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைப் புறாத்தீவுப் பக்கம் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும்.

பின்னர் சேர்த்தது: ஊதி ஊதியும் தண்ணீர் திரும்ப வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு மீசை, மற்றவருக்கு விளிம்புக்குள் மாட்டிய முடி. மீசையை மூக்கின் கீழே மெல்லிய கோடாக மழித்தால் போதும். கண்ணாடி போடுபவர்கள் அதை மாஸ்க்குக்குள் போட முடியாது, பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது.