அப்பா அம்மாவை வாக்கிங் அனுப்பும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

செக்கப்பில் சுகர் கொஞ்சம் ஏறியிருந்தால் போதும், அறுபது தாண்டிய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்து "நாளையிலிருந்து நடங்க" என்று சொல்லிவிடுகிறோம். நடக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த உடம்பு இப்போது எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்துவிடுங்கள். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, பி.பி. மெஷின், செல்போனில் ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான் தேவை.

முதலில் பேசுங்கள். "உடம்பு எப்படி இருக்கு" என்று பொதுவாகக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் வரும். மாடி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறதா, பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்களா, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா, இந்த ஒரு வருடத்தில் எங்காவது விழுந்தார்களா, மயக்கம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம், அதனால் "வலி இல்லையே" என்று விட்டுவிடக் கூடாது. இதில் எதற்காவது "ஆமாம்" என்றால் வீட்டுச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அடுத்து பி.பி. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. பி.பி. மாத்திரையாலும் இப்படி ஆகும், ஆனால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஓய்வாக இருக்கும்போதே 180/110க்கு மேல் காட்டினால் மற்ற சோதனைகள் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது நாற்காலிச் சோதனைதான், ஏனென்றால் ரிப்போர்ட்டில் தெரியாதது இதில் தெரியும். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11க்குக் கீழே போனால் காலில் பலம் குறைவு என்று அர்த்தம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். எழும்போது கை தானாக முட்டியில் ஊன்றப் போகிறதா, கடைசியில் தொப்பென்று உட்காருகிறார்களா, ஒரு பக்கம் சாய்ந்து எழுகிறார்களா? கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம்தான். அவர்களுக்கு நீண்ட நடையைவிட முதலில் இந்த உட்கார்ந்து எழும் பயிற்சியே மருந்து.

அப்புறம் அதே நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம். ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நிற்கச் சொல்லும்போது பத்து விநாடி தாக்குப்பிடிக்காவிட்டாலும் அப்படித்தான்.

பாதத்தைக் கட்டாயம் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கலாம், ஷூவுக்குள் கிடக்கும் சின்னக் கல்லே புண்ணாகிவிடும்.

மாத்திரைச் சீட்டையும் எடுத்து வையுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கப் போனால் சுகர் இறங்கிவிடலாம். மெட்டோபுரோலால், அட்டெனலால் மாதிரி பி.பி., இதய மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது, அதனால் வாட்ச் காட்டும் எண்ணை நம்பாமல், நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காட்டுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிட நடை போதும், மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் திரும்ப எண்ணிப் பாருங்கள்.