பெட்ரோல் புல்வெட்டியில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் புல்வெட்டி வாங்கும்போது எஞ்சின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று முதலில் கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்று போட்டிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மெஷின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கெடும். என் மெஷின் ஒருமுறை அப்படித்தான் கிளம்பவே இல்லை. எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள்.

அப்புறம், ரப்பர் கன்றின் அடியில் பிளேடும் வேண்டாம், நைலான் நரம்பும் வேண்டாம். பட்டை காயப்படும். அங்கே கையால் பிடுங்குவதே நல்லது.