எழுத்தை ஒதுக்கிவிட்டு ஒலியைக் கேட்பது எப்படி?

பேச்சொலிகளைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம், சொல்லைக் கண்ணால் கேட்பதாகும். 'பகல்' என்ற சொல்லின் நடுவில் இருப்பதும் 'கல்' என்பதன் முதலில் இருப்பதும் ஒரே ககரம் என்று எழுத்து சொல்கிறது. வாயோ இரண்டையும் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஒலிகள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்வது ஒலியியல்; அவற்றுள் எவற்றைக் கொண்டு ஒரு மொழி பொருளை வேறுபடுத்துகிறது என்று ஆராய்வது ஒலியனியல். பயிற்சியும் இந்த வரிசையிலேயே அமைவது நல்லது.

எந்த மெய்யொலியை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குரல்நாண்கள் அதிர்கின்றனவா, காற்று எந்த இடத்தில் தடைபடுகிறது, எவ்வாறு தடைபடுகிறது. முதல் கேள்விக்கு, இரு விரல்களைக் குரல்வளையின் மேல் வைத்து 'ஸ்' என்றும் 'ம்' என்றும் நீட்டி ஒலித்துப் பாருங்கள்; முன்னதில் இல்லாத அதிர்வு பின்னதில் விரலுக்குத் தெரியும். 'ம்' நீளும்போதே மூக்கை அழுத்திப் பிடித்தால் ஒலி நின்றுவிடும். உதடுகள் மூடியிருக்கையில் காற்று மூக்கு வழியாகவே வெளியேறுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இடத்தை உணர்வதற்குத் தமிழ் மிகவும் வாய்ப்பான மொழி. தம்பி, பந்து, கன்று, வண்டி, பஞ்சு, தங்கம் ஆகிய ஆறு சொற்களையும் எழுத்துநடை உச்சரிப்பில் மெதுவாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மெல்லின எழுத்திலேயே நின்றுவிடுங்கள். இதழ்களில் தொடங்கும் அடைப்பு, மேற்பல்லின் பின்புறம், அதற்கு மேலுள்ள ஈறுமேடு, நாநுனி மடங்கித் தொடும் அண்ணம், நடுநா தொடும் வல்லண்ணம், கடைநா தொடும் மெல்லண்ணம் எனப் படிப்படியாக உள்ளே நகர்வதை நாக்கே காட்டிக்கொடுக்கும். உந்தியிலிருந்து எழும் காற்று பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் முதலிய இடங்களில் பொருந்தி வெவ்வேறு ஒலிகளாவதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது; இந்தப் பயிற்சிக்குப் பின் அந்த இயலைப் படித்தால், மனப்பாடப் பகுதியாக நாம் அறிந்த நூற்பாக்கள் தம் வாயையே கூர்ந்து கவனித்தவரின் குறிப்புகளாகத் தெரியவரும்.

அடுத்தது ஒலியனை, அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒலியை, கண்டறிதல். ஓர் ஒலியை மட்டும் மாற்றினால் பொருள் மாறுகிற சொற்களைத் தேடுங்கள். வலி, வளி, வழி ஆகிய மூன்றும் நடுமெய் ஒன்றால் மட்டுமே வேறுபடுவதால், ல், ள், ழ் மூன்றும் தனித்தனி ஒலியன்கள் ஆகின்றன. சிலருடைய பேச்சில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிட்டிருக்கும். அவருடைய பேச்சை ஆராயும்போது அங்கே ஓர் ஒலியன் குறைவு என்றே பதிய வேண்டுமே தவிர, அவர் பிழை செய்கிறார் என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

இனி ககரத்துக்குத் திரும்புவோம். சொல்லின் முதலிலும் (கல்) இரட்டிக்கும்போதும் (பக்கம்) அது அதிர்வின்றி ஒலிக்கிறது. மெல்லினத்தை அடுத்து (தங்கம்) அதிர்வுடன் ஒலிக்கிறது. இரு உயிர்களுக்கு நடுவே (பகல்) அடைப்பு தளர்ந்து, காற்று உரசிக்கொண்டு வெளியேறுகிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. இதைத் துணைநிலை வழக்கு என்பர். இவ்வாறு வருபவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். 'சொல்' என்பதன் முதலொலியைச் சிலர் அடைத்தும் சிலர் ஸகரம் போலவும் சொல்வது வேறு வகை: இடம் ஒன்றாக இருந்தும் பொருள் மாறாததால் அது உறழ்ச்சி.

ஒரு மொழியின் மாற்றொலி இன்னொரு மொழியில் ஒலியனாக இருக்கலாம் என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். இந்தியில் 'பல்' என்றால் கணப்பொழுது. அதே பகரத்தைப் பலத்த மூச்சுடன் சொன்னால் பழம். ஆங்கிலத்தில் 'பின்' என்பதில் அந்த மூச்சு உண்டு, 'ஸ்பின்' என்பதில் இல்லை. ஆனால் அதனால் அங்கே பொருள் வேறுபடுவதில்லை.

ஒலியனைப் பிரிக்க முடியாத துகளாகக் கருதாமல், அதிர்வு, பிறப்பிடம் போன்ற கூறுகளின் தொகுதியாகக் காணும் கொள்கை, 1930களில் பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த த்ருபெட்ஸ்கோய், ரோமன் யாக்கப்சன் ஆகியோரிடம் உருப்பெற்றது. 1968இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் கூறுகளின் மேல் இயங்கும் விதிகளின் அமைப்பாக ஒலியனியலை விரித்தனர். இதன் பயனை உடனே காணலாம். தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஐந்து விதிகள் எழுத வேண்டியதில்லை. மெல்லினத்தை அடுத்த வல்லினம் அதிர்வு பெறும் என்ற ஒரே விதி போதும்.

விதி எழுதியதும் அதற்கு அடங்காத சொல்லைத் தேடுங்கள். சொல்முதல் வல்லினம் அதிராது என்று எழுதினால், தீவினையைக் குறிக்கும் 'பாவம்' அதற்கு அடங்கும். நடனத்தில் முகக்குறிப்பைச் சுட்டும் 'பாவம்' பலருடைய பேச்சில் அதிர்வுடன் தொடங்கி விதியை மீறும். எழுத்தில் ஒன்றாக நிற்கும் இவ்விரண்டையும் ஒருவரைச் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர் வேறுபடுத்திச் சொன்னால், அவருடைய பேச்சில் கடன்சொற்கள் வழியே ஒரு புதிய ஒலியன் நுழைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.