தோல் பொருளுக்கு மேல்பூச்சு: எங்கே தவறுகிறது?

"எதைப் பூசினால் தண்ணீர் இறங்காது?" தோல் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. பின்பாக்கெட்டில் கிடக்கும் பர்ஸ் மழையில் நனைவது அபூர்வம்; அதைக் கெடுப்பது உராய்வும் வியர்வையும். பெல்ட் தினமும் ஒரே ஓட்டையில் மாட்டி ஒரே இடத்தில் மடங்குகிறது. மழையும் வெயிலும் உண்மையில் படுவது இருசக்கர வண்டியில் தொங்கும் தோல்பைக்குத்தான். மூன்றுக்கும் ஒரே பாட்டிலை வாங்கி வைத்தால் ஏதாவது ஒன்றில் கட்டாயம் சறுக்கும்.

அடுத்து, கையில் இருப்பது என்ன தோல் என்று பார்க்காமல் பூசுவது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பதனிடப்படுவதில் பெரும்பகுதி குரோம் தோல், அதாவது குரோமிய உப்பால் பதனிட்டது. அதில் பலவும் தொழிற்சாலையிலேயே நிறமும் மேல்பூச்சும் ஏற்றப்பட்டு வருபவை. அதன்மேல் எண்ணெய் தடவினால் உள்ளே போகாது, பிசுபிசுவென்று மேலேயே நிற்கும். திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் போல மரப்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தாவரப் பதத் தோல் வேறு ரகம். எண்ணெய், மெழுகு, சாயம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், நிறமும் கறுக்கும். சென்னை பெரியமேட்டில் துண்டுத் தோல் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதோடு நிறுத்தாமல் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீக்கிரமே ஊறி அந்த இடம் கறுத்தால் பூச்சு ஏறும். முத்தாக நின்றால், பெரும்பாலும் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். லேசாகத் துடைத்து மெழுகு பாலிஷ் போட்டால் போதும். மேற்பரப்பு மென்ரோமமாக இருக்கும் ஸ்வீடு தோலுக்கு மெழுகும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ரோமம் படிந்து வீணாகிவிடும்.

சமையலறை எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளப்பாகத்தான் தெரியும். அப்புறம் சிக்கு வாடை வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்தும் போகும். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குப் பை விற்றால் இது தெரியவரும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து இறுகக்கூடியது, தோலை விறைக்க வைக்கும். தோலுக்கென்றே விற்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. தாவரப் பதத் தோலுக்கு நல்லது, ஆனால் ஒரு கை மெல்லியதாகத் தடவினால் போதும். கூடினால் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். இன்னொன்று: எண்ணெய் என்பது மேல்பூச்சே அல்ல. சாயம் போட்ட பிறகு வறண்ட தோலுக்கு அது மென்மை தரும், அவ்வளவுதான். நிறம் சட்டையில் ஒட்டுவதை அது தடுக்காது.

சாயம் ஒட்டுவதுதான் வாடிக்கையாளரிடம் அதிகம் திட்டு வாங்கித் தரும் விஷயம். மேலே அக்ரிலிக் (காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம்போல நிற்கும் பூச்சு) பூசினால், தோலில் ஊறாமல் நிற்கும் உதிரிச் சாயம் உள்ளேயே அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு நேராகப் பாட்டிலைத் திறப்பார்கள். அடங்காது, பூசும் பஞ்சிலேயே ஏறி, அடுத்த இடத்தில் திட்டாக இறங்கும். சாயம் நன்றாகக் காய்ந்ததும் பழைய வெள்ளைப் பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். துணி கறுக்கும். மடித்து, சுத்தமான பக்கத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். துணியில் நிறம் வருவது நின்ற பிறகுதான் பூச்சு. கறுப்புக்கும் நீலத்துக்கும் இதில் ரொம்பவே பொறுமை வேண்டும். ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) கரைத்த சாயத்தின் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு போடவே கூடாது. பூச்சில் இருக்கும் ஸ்பிரிட், அடியில் உள்ள சாயத்தைக் கரைத்து இழுத்துவிடும்.

ரெசோலீன் போன்ற அக்ரிலிக் பூச்சுகளை அப்படியே கெட்டியாகப் பூசுவது இன்னொரு வழக்கமான பிழை. பெல்ட்டில் கெட்டியாகப் பூசினால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சைப் பிழிந்து, ஒரே திசையில் ஒரு இழுப்பு. காய்ந்ததும் இன்னொரு மெல்லிய கை. முன்னும் பின்னும் தேய்த்தால் நுரை வரும், அந்த நுரை அப்படியே காய்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் காய்வதற்கு நேரம் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் வைப்பதைவிட மின்விசிறிக்கு அடியில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவது மேல்.

மெழுகு விரும்புபவர்கள் நம் வெயிலை மறந்துவிடுகிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். இளகுவது அதற்கு வெகு முன்பே. அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் கிடக்கும் பை கையில் ஒட்டும், தூசி பிடிக்கும். 80 டிகிரிக்கு மேல் உருகும் கார்னாபா என்ற பனையோலை மெழுகைக் கொஞ்சம் கலந்தால் பூச்சு கெட்டியாகும், மினுமினுப்பும் கூடும். கார்னாபா மட்டும் என்றால் மடிப்பில் பொடியும். குளிரில் மேலே வெண்மை படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது மெழுகுதான். துணியால் தேய்த்தால் போய்விடும். என்னைக் கேட்டால் பர்ஸுக்கும் சாவிக்கொத்துக்கும் மெழுகே போதும். தேய்ந்தால் வாங்கியவரே மறுபடி போட்டுக்கொள்ளலாம்; அக்ரிலிக் உரிந்தால் அது அவரால் ஆகாது.

வரிசையும் முக்கியம். பூச்சு ஏறிய இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் அக்ரிலிக் பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்றவும் முடியாது. ஒட்டுவது, ஓரம் தேய்ப்பது எல்லாம் முதலில்.

சோதனை செய்வதாகச் சொல்பவர்களும் பெரும்பாலும் வேறு ஏதோ தோல்துண்டில்தான் செய்கிறார்கள். வெட்டிய அதே தோலின் மிச்சத்தில், அதே சாயம், அதே வரிசை. ஒரு நாள் விட்டு, மடித்துப் பாருங்கள். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வாட்ச் வாராக இருந்தால் வியர்வைக்கு ஈடாக உப்புத் தண்ணீர் தொட்ட துணியால் தேய்க்க வேண்டும்.

விற்பவராக இருந்தால் என்ன பூசினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு கொடுங்கள். தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிடலாம். அடித்துவிட்டால், பின்னால் பழுது பார்க்க வரும்போது அதில் சாயமும் ஏறாது, பசையும் நிற்காது.