வாதத்தில் ஒளிந்திருப்பதைத் தேடும்போது செய்யக்கூடாதவை

வாதங்களைப் பிரித்துப் பார்க்கப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் நான் சொதப்பிய அதே இடங்களில்தான் புதிதாக வருகிறவர்களும் சொதப்புகிறார்கள். ஆளைத் தாக்காதே, கத்தாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சொல்லாததைத் தலையில் கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். எந்த வாதத்திலும் பேசுபவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருக்கும் ஒன்று இருக்கும். அதுதான் எடுகோள். அதைக் கண்டுபிடி என்றால், எதிராளி கனவிலும் நினைக்காத ஒன்றைக் கண்டுபிடித்து வருகிறார்கள்.

ஒரு பயிற்சியில், "இணைய வகுப்பில் மாணவர்கள் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள், ஆகவே நேரடி வகுப்பே மேல்" என்றார் ஒருவர். எதிரணிப் பெண் உடனே, "அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறீர்கள்!" என்றார். கைதட்டல் கிடைத்தது. அப்புறம் மிச்ச நேரம் முழுக்க, "நான் அப்படிச் சொல்லவில்லை", "அப்படித்தான் அர்த்தம்" என்றே போனது. வாதத்தின் உண்மையான பலவீனத்தை யாரும் தொடவில்லை. கேள்வி குறைந்தால் கற்றலும் குறையும் என்று அவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியது அதைத்தான்.

எது எடுகோள், எது நம் கற்பனை என்று பார்க்க எளிய வழி: அதை மறுத்துப் பாருங்கள். வாதம் சரிந்தால் அது எடுகோள். "மருந்து சாப்பிட்ட மறுநாளே காய்ச்சல் விட்டது, ஆகவே மருந்துதான் குணமாக்கியது" என்கிறார் ஒருவர். 'இந்த மருந்து எல்லாக் காய்ச்சலையும் போக்கும்' என்பது அவருடைய எடுகோளா? மறுத்துப் பாருங்கள்: எல்லாக் காய்ச்சலையும் போக்காது. சரி, அதனால் அவர் வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 'காய்ச்சல் தானாக விட்டிருக்காது' என்பதை மறுங்கள். தானாகவே விட்டிருக்கும் என்று ஆனதும், மருந்துதான் காரணம் என்று சொல்ல ஆதாரமே இல்லை.

பலமான, பரந்த எடுகோளைத் தேர்ந்தெடுத்தால் மடக்கிவிட்ட திருப்தி கிடைக்கும். அவ்வளவுதான் கிடைக்கும்.

நடுவில் பொருள் மாறுவதைக் கவனிக்காதது

"விதி என்று இருந்தால் அதை இயற்றியவர் இருக்க வேண்டும். இயற்பியலில் விதிகள் இருக்கின்றன. ஆகவே..." என்று போகும் வாதத்தைக் கேட்டிருப்பீர்கள். முதல் விதி போக்குவரத்து விதி போல ஒருவர் போட்டது. இரண்டாவது, இயற்கை நடந்துகொள்ளும் ஒழுங்குக்கு நாம் எழுதிய விவரிப்பு. எழுத்து ஒன்றுதான், பொருள் வேறு.

இதைத் தெரிந்தே செய்வதும் உண்டு. இந்தியத் தர்க்க மரபுகளில் ஒன்றான 'நியாயம்' அதைச் 'சலம்' என்கிறது. புதுக் கம்பளம் போர்த்தியவனை 'நவகம்பளன்' என்றால், 'நவ' என்பதை ஒன்பதாக எடுத்துக்கொண்டு, "ஒன்றுதானே இருக்கிறது, மிச்சம் எட்டு எங்கே?" என்று மடக்குவது அங்கே பழைய உதாரணம்.

அகராதியை நடுவராக்குவது

வேண்டாம். ஒரு சொல்லைப் பேசியவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரையே கேளுங்கள்.

'சில' என்றால் 'எல்லாம் இல்லை' என்று எழுதுவது

'சில பூக்கள் சிவப்பு' என்பதிலிருந்து 'சில பூக்கள் சிவப்பு அல்ல' என்று தேர்வில் முடிவு கட்டினால் மதிப்பெண் போச்சு. தர்க்கத்தில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். பேச்சில் மட்டும் ஏன் 'எல்லாம் இல்லை' என்று கேட்கிறது? எல்லாம் என்று தெரிந்திருந்தால் அப்படியே சொல்லியிருப்பாரே என்று நாம் எதிர்பார்ப்பதால். இப்படிச் சொல்லாமலே உணர்த்தப்படும் பொருளைத்தான் மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் அலசினார். அது சொல்லின் பொருளிலேயே சேர்ந்தது அல்ல. அதனால்தான் "சிலர் வந்தார்கள், ஏன், எல்லாருமே வந்தார்கள்" என்று முரணில்லாமல் பேச முடிகிறது.