பிரஷ்ஷோடு நடந்த மல்லுக்கட்டு

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பிரஷ்ஷைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வான். பிடிவாதம் என்று நினைத்து ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். உண்மையில் பேஸ்ட்டின் காரமும் நுரையும்தான் அவனுக்கு ஆகவில்லை. காரமில்லாத, நுரைக்காத ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்கு மாறினேன், அதுவும் பட்டாணி அளவுதான். பாதி சண்டை ஓய்ந்தது.

அப்புறம் சொல்லிக்கொடுக்கும் வரிசையைத் தலைகீழாக்கினேன். அவன் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி நானே தேய்த்துவிட்டு, கடைசி வேலையான பிரஷ்ஷைக் கழுவி வைப்பதை மட்டும் அவனிடம் விட்டேன். வேலையை முடித்த பெருமை தினமும் அவனுக்கு! அது பழகியதும் அதற்கு முந்தைய படி, துப்புவது. (இதற்கு மட்டும் 3 மாதம். என் சட்டை பாவம்.) இப்போது முன்பற்களை அவனே தேய்க்கிறான். பிடி நழுவாமல் இருக்கக் கைப்பிடியில் ரப்பர் பந்து செருகியிருக்கிறேன். கடைவாய்ப் பற்கள் இன்னும் என் பொறுப்பு.