பாதியில் இருக்கும் நாவலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருஷங்களுக்கு முன்னால் 400 பக்க நாவல் ஒன்றில் 120-ஆம் பக்கத்தில் இருந்தேன். பெரிய குடும்பம், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, சண்டையும் சமாதானமுமாகக் கதை போய்க்கொண்டிருந்தது. மனசு நிறைந்துபோய் என் தோழியைக் கூப்பிட்டு, “உடனே படி, இவ்வளவு இதமான குடும்பக் கதையை நான் படிச்சதே இல்ல” என்றேன். அவள் வேகமாகப் படிப்பவள். ஒரே வாரத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நாவலின் நடுவில் அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. நாற்பது பக்கம் நீளும் அந்தக் காய்ச்சல் முடியும்போது குழந்தை இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் என் தோழி தன் மகளோடு இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்திருந்தாள். மகள் நன்றாகத் தேறிவிட்டாள். ஆனாலும் அந்த நாற்பது பக்கத்தை அவள் எப்படிப் படித்திருப்பாள்? புத்தகத்தை அங்கேயே மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டாள். நான் அந்த இடத்துக்கே இன்னும் வந்திருக்கவில்லை. ஆனால் முழுதும் படித்து முடித்தவள் மாதிரி அல்லவா பேசியிருந்தேன்.

படித்து முடிக்காத நாவலைப் பற்றிப் பேசவே கூடாது என்று அன்று எனக்குத் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. நடுவில் இருக்கும்போதுதான் ஒரு நாவல் நமக்குள் சூடாக இருக்கிறது. அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு, இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்ற கோபம், அந்தக் கடிதத்தை யார் எடுத்திருப்பார்கள் என்ற ஊகம், எல்லாம் கடைசிப் பக்கத்தோடு அடங்கிவிடும். அதற்கு முன்னால் பேசுவது நல்லதுதான். எங்கே நின்றுகொண்டு பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

தொடர்கதைக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தபோது, படித்த அத்தனை பேரும் அந்த வாரத்து அத்தியாயத்தில்தான் நின்றார்கள். முன்னால் ஓடிப் போக யாராலும் முடியாது. இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சனின் கிளாரிஸா 1747 கடைசியிலிருந்து 1748 கடைசி வரை மூன்று தவணையாக வெளிவந்தது. கதாநாயகியைச் சாகவிடாதீர்கள் என்று வாசகர்கள் நடுவிலேயே அவருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை, அது வேறு விஷயம். பாதி நாவலைப் பற்றிப் பேசுவது அப்போதெல்லாம் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. இப்போது முழு நாவலும் எல்லார் கையிலும் இருக்கிறது. ஒருவர் 30-ஆம் பக்கத்தில், இன்னொருவர் 300-இல். அதனால் நிற்கும் இடத்தை நாமேதான் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அதைச் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே திரையில் எல்லாம் தள்ளிப் போய்விடும். அது காட்டும் சதவீதத்திலும் பின்னால் இருக்கும் குறிப்புகள், அடுத்த புத்தகத்தின் மாதிரி அத்தியாயம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். 85 சதவீதத்திலேயே கதை முடிந்துபோய்த் திகைத்து நின்றவர்கள் உண்டு. ஒலிநூல் கேட்பவருக்கு மணிக் கணக்குதான் தெரியும். அத்தியாய எண்தான் எல்லாருக்கும் பொது. “பதினோராம் அத்தியாயம் வரை வந்திருக்கேன், அதுவரைக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு.” இவ்வளவு போதும். அந்த ‘அதுவரைக்கும்’ என்ற ஒரு சொல்லை நான் அன்று சொல்லியிருந்தால், என் தோழி கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பாள்.

அடுத்தது, பாதியில் தீர்ப்பு எழுதுவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாவலுக்குப் பொருந்தவே பொருந்தாது. முதல் நூறு பக்கம் அலுப்பாகப் போனதற்குப் பின்னால் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். கதை சொல்பவன் தன்னைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமையடிக்கிறான் என்று நமக்கு எரிச்சல் வரும். அவன் எதையோ மறைக்கத்தான் அப்படிப் பேசினான் என்பது முப்பதாம் அத்தியாயத்தில் தெரியவரும். ‘நான்’ என்று தன் வாயால் சொல்லப்படும் கதைகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த ‘நான்’ சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு பாதியில் கருத்துச் சொன்னால், பின்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதேபோல, ஒரு கதாபாத்திரம் பேசும் அருவருப்பான பேச்சை எழுத்தாளர் தலையில் கட்டி, ‘இவர் பெண்களை இப்படித்தான் பார்க்கிறார்’ என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. அந்தப் பேச்சை நாவல் கடைசியில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் சொல்லக் கூடாத விஷயம் இது. கோபம் வந்தால் கோபத்தைச் சொல்லலாம்: “இந்த அண்ணன் பேசுறதைத் தாங்க முடியல.” அது அந்தப் பாத்திரத்தைப் பற்றிய பேச்சாக நின்றுவிடும். யாருக்கும் அநியாயம் செய்ததாக ஆகாது.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொன்னார், பலருக்குத் தெரிந்திருக்கும்: 50 பக்கம் வரை படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் 100-இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கை அளவு பக்கம் படித்தால் போதும். எனக்குப் பிடித்த கணக்கு இது. ஆனால் இது நாம் மேலே படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான். 50 பக்கத்தில் கீழே வைத்துவிட்டு ‘மோசமான நாவல்’ என்று ஊரெல்லாம் சொல்ல அது உரிமை தரவில்லை. “மூணாவது அத்தியாயத்தோட விட்டுட்டேன், எனக்கு ஒட்டல” என்று சொன்னால் அது உண்மை, கேட்பவருக்கும் உபயோகம்.

கதையைப் போட்டு உடைப்பது பற்றி எல்லாரும் பேசியாயிற்று. கொலைகாரன் யார் என்பதை இப்போது யாரும் தெரிந்தே சொல்வதில்லை. ஆனால் சொல்லாமலே உடைப்பதற்கு நிறைய வழிகள் இருக்கின்றன. “கடைசியில ஒரு திருப்பம் வரும் பாரு” என்றாலே போதும், கேட்டவர் முதல் பக்கத்திலிருந்து அதையே தேடிக்கொண்டிருப்பார். முன்னூறு பக்கக் கதையும் அவருக்கு விடுகதையாகிவிடும். “அந்த மாமாவை நம்பாத” என்பதும் அப்படித்தான். இன்னொன்று, நமக்குப் பின்னால் வருபவர் ஒரு பாத்திரத்தைப் பற்றி ஆசையாகப் பேசும்போது நாம் காட்டும் மௌனம். “எனக்குச் சின்னத் தம்பிதான் ரொம்பப் பிடிக்குது” என்று அவர் சொல்ல, நாம் “ம்ம்…” என்று இழுத்தால், சின்னத் தம்பிக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் “ஏன் பிடிக்குது?” என்று திருப்பிக் கேட்டுவிடுவது என் வழக்கம். பேச்சும் வளரும், கதையும் தப்பிக்கும்.

முடிவு தெரிந்தால் ரசனை குறையாது என்று வாதாடுபவர்கள் 2011-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதையைக் கொடுத்தபோது வாசகர்கள் அதை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ரசித்ததாக அதில் வந்தது உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தவை 12 சிறுகதைகள். இரண்டு வாரம் கூடவே வைத்துக்கொண்டு, தூங்கப் போகும்போது நினைத்துக்கொள்ளும் நாவலுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது முடிவு எதிர்மாறாகவும் வந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது படிப்பவரின் விருப்பம். அவர் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம்.

முன்னுரையையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய பெரிய நாவல்களின் புதிய பதிப்புகளில் யாராவது அறிஞர் முன்னுரை எழுதியிருப்பார். கதை எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில் முடிவையே இரண்டாவது பத்தியில் போட்டிருப்பார். அப்படிப்பட்ட பதிப்பைப் பரிந்துரைத்தால் “முன்னுரையைக் கடைசியில படி” என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சொல்லுங்கள். ஒரே நாவலுக்கு நாலு மொழிபெயர்ப்பு இருக்கும், அதில் ஒன்று சுருக்கப் பதிப்பாக இருக்கும். நீங்கள் உருகியது ஒன்று, அவர் கைக்குப் போவது வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது. ரஷ்ய நாவல் என்றால், ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள், ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் தொடக்கத்திலேயே விட்டுவிடாமல் தப்பிப்பார்கள். பல பாகங்கள் உள்ள கதையா, முதல் பாகம் அந்தரத்தில் நிற்கிறதா என்பதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், ‘செம’, ‘அருமை’, ‘கட்டாயம் படி’. இவை பாராட்டுதான், ஆனால் இதைக் கேட்டவருக்கு நாவலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒரு காட்சியைக் காட்டுங்கள். “ஒரு அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். மூன்று பக்கம் எழுதுகிறாள். கூரை ஒழுகியது, பசு கன்று போட்டது, பக்கத்து வீட்டில் கல்யாணம். எப்போ வருவே என்ற கேள்வியை மட்டும் எழுதாமலே உறையை ஒட்டிவிடுகிறாள். நாவல் முழுக்க இப்படித்தான் இருக்கு, யாரும் கேட்க வந்ததைக் கேட்க மாட்டாங்க.” இவ்வளவு சொன்னால் போதும். இது தனக்கான நாவலா என்று கேட்பவரே முடிவு செய்துகொள்வார். மெதுவாகப் போகும் கதை பிடிக்காதவர் ஒதுங்கிவிடுவார், பிடித்தவர் அன்றைக்கே தேடத் தொடங்குவார். காட்சியை முதல் சில அத்தியாயங்களிலிருந்தே எடுத்துக்கொண்டால் கதையும் உடையாது.

யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொல்வதைப் பற்றி எனக்கு நிறைய வருத்தம் உண்டு. நமக்குப் பிடித்ததை எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆனால் “இப்போ எந்த மாதிரி படிக்கிற மனநிலையில இருக்கே?” என்று ஒரு கேள்வி கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. சாவு, நோய், குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை இவையெல்லாம் கதையில் இருந்தால், யார் எப்போது என்று சொல்லாமலே “கனமான பகுதி ஒண்ணு இருக்கு, கேட்டா சொல்றேன்” என்று சொல்லலாம். நீங்களே பாதியில்தான் இருக்கிறீர்கள் என்றால், “மீதியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது” என்று சொல்வதே நேர்மை.

பாதியில் சொன்ன கருத்தை அப்படியே விட்டுவிடுவதும் தவறுதான். படித்து முடித்த பிறகு எண்ணம் மாறியிருந்தால், யாரிடம் சொன்னோமோ அவரிடமே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். நான் அந்த 400 பக்க நாவலை முடித்ததும் தோழியைக் கூப்பிட்டேன். அது இதமான குடும்பக் கதை இல்லை, இழப்புக்குப் பிறகு ஒரு வீடு எப்படி மறுபடி பேசத் தொடங்குகிறது என்பதுதான் கதை என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், “அந்தக் குழந்தை மறுபடி வருமா?”

“ஒரே ஒரு அத்தியாயத்துல, நினைவா வரும். 38-ஆவது.”

“அதை விட்டுட்டுப் படிக்கலாமா?”

“படிக்கலாம். கதை அறுபடாது.”

இரண்டு வாரம் கழித்து, 38-ஐ மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்து முடித்தாள்.